துப்பாக்கி என்றாலே ஒப்பாத அண்ணி: சுடுதளத்துக்கு முதல் முறை எப்படி அழைத்துப் போவது?

செந்துல்வாசி | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் சுபாங் பக்கம் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி) சுடுகிறேன். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணிக்கு மட்டும் இன்றுவரை மனசு ஒப்பவில்லை. நான் கிளப்பிலிருந்து நேராக வந்தால் என் பையைக்கூட வீட்டுக்குள் வைக்க விடமாட்டார். அதில் கையுறையும் தண்ணீர் போத்தலும்தான் இருக்கும்.

அவர் அப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அப்பாவுக்குப் பினாங்கில் சின்னதாக ஒரு நகைக்கடை இருந்தது. அண்ணிக்குப் பத்து வயது இருக்கும்போது மூன்று பேர் துப்பாக்கியோடு கடைக்குள் வந்தார்கள். இவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாராம். கூரையைப் பார்த்து ஒரு முறை சுட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் இன்றைக்கும் தீபாவளிக்கு முதல் நாள் இரவு எங்கள் தாமான் குடியிருப்பில் வெடிச்சத்தம் ஆரம்பித்தால் அண்ணி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

இப்போது அண்ணன் மகனுக்கு 13 வயது. என்னோடு வரவேண்டும் என்று மூன்று மாதமாகக் கேட்கிறான். போன வாரம் அண்ணி, "முதல்ல நான் வந்து பாக்குறேன், அப்புறம் அவனைப் பத்திப் பேசலாம்" என்றார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். அவரே இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார், நான் ஏதாவது தப்பாகச் செய்து கெடுத்துவிடக் கூடாது. இப்படிப்பட்டவர்களை அழைத்துப்போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரவாங் ராஜி | வெள்ளி, இரவு 10.05

உங்கள் அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பயந்த ஒன்றைப் பிள்ளைக்காக நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஷாஆலம் செல்வம் | வெள்ளி, இரவு 10.31

நேராக 9 மில்லிமீட்டர் பிஸ்டலை எடுத்துக் கையில் கொடுங்கள் தம்பி. முதல் பத்து ரவுண்டிலேயே பயம் போய்விடும். என் நண்பர்கள் எல்லாரையும் அப்படித்தான் பழக்கினேன்.

பத்துமீட்டர் | வெள்ளி, இரவு 11.20

செல்வம் அண்ணே, உங்கள் நண்பர்கள் ஆசைப்பட்டு வந்தவர்கள். இந்த அம்மா ஆசைப்பட்டு வரவில்லை. 9 மில்லிமீட்டர் பிஸ்டலின் சத்தம் 160 டெசிபெல்லை நெருங்கும். காதுக்கவசம் போட்டாலும் நெஞ்சுக்கூட்டில் அடிக்கும். பத்து வயதில் மூடிய அறைக்குள் கேட்ட அதே சத்தம் அது. தயவுசெய்து அதைச் செய்யவே கூடாது.

செந்துல்வாசி, நான் 11 வருடமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விரும்பாமல் வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மகளுக்காக வந்த அப்பா, கணவர் இழுத்து வந்த மனைவி, தன் சகோதரனை யாரோ சுட்டுக் கொன்றதால் துப்பாக்கியைப் பார்க்கவே பிடிக்காத ஒருவர். நான் கற்றதை வரிசை இல்லாமல் சொல்கிறேன்.

முதல் சந்திப்பைச் சுடுதளத்தில் வைக்காதீர்கள். பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் டீயோடு உட்காருங்கள். உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், எந்த மாதிரிச் சத்தம் வரும், துப்பாக்கி எங்கே இருக்கும், யார் எடுத்து வருவார்கள், எந்தக் கட்டளைக்கு என்ன அர்த்தம், எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பயந்தவர்களுக்குத் திடீரென்று எதுவும் நடக்கக் கூடாது. "எந்த நேரத்திலும் எழுந்து வெளியே போகலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்" என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள். பெரிய ரகத் துப்பாக்கி சுடும் பகுதி பக்கத்தில் இருந்தால், அங்கே ஆள் இல்லாத நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ரைஃபிளின் சத்தம் மேசையில் புத்தகத்தை "பட்" என்று வைக்கிற மாதிரிதான். வெடிமருந்தே கிடையாது, அழுத்திய காற்று ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளுகிறது. உதைப்பும் அநேகமாக இல்லை.

உள்ளே போனதும் முதலில் வெறும் துப்பாக்கியைக் காட்டுங்கள். குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நாடா செருகியிருக்கும். அது வெளியே தெரிகிறவரை உள்ளே குண்டு இல்லை என்று சுடுதளத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும். குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுடுகிற நொடி வரை விரல் விசைக்கு வெளியே, யாராவது "நிறுத்து" என்றால் எல்லாரும் நிறுத்த வேண்டும். "நிறுத்து" என்று சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு என்று சொல்லுங்கள். ஒரு முறை அவரையே சத்தமாகச் சொல்லவைத்து, எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைப்பதைப் பார்க்கவிடுங்கள். நான் செய்து பார்த்ததில் இதைவிட உதவியது வேறெதுவும் இல்லை. அன்றைக்குக் கடையில் அந்தச் சிறுமி "நிறுத்து" என்று கத்தியிருந்தாலும் யாரும் நிறுத்தியிருக்கமாட்டார்கள். இங்கே நிறுத்துவார்கள்.

இலக்கு வட்டக் காகிதம் மட்டும்தான். மனித உருவம் போட்ட இலக்கு எந்த மூலையிலும் கண்ணில் படக் கூடாது.

போட்டோ, வீடியோ வேண்டாம். "பார்த்தீங்களா, ஒண்ணும் இல்லையே" என்ற பேச்சும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், குண்டு ஈயத்தால் ஆனது. கழுவாமல் வடையைத் தொடக் கூடாது.

பாகான் டீச்சர் | சனி, காலை 7.15

எல்லாரும் "எப்படி" என்று பேசுகிறீர்கள். நான் "ஏன்" என்று கேட்கிறேன். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்காம் ஆண்டில் என்னிடம் படித்த ஒரு மாணவன், அழகாகத் திருப்புகழ் பாடுவான். 22 வயதில் காருக்குள் வைத்து அவனைச் சுட்டுவிட்டார்கள். ஏதோ கும்பல் தகராறு. அந்த அம்மாவின் அழுகையை நான் கேட்டிருக்கிறேன். நம் பையன்களில் கொஞ்சப் பேருக்கு ஏற்கெனவே துப்பாக்கி என்றால் வீரம், சினிமா, பெரிய ஆள் என்று மண்டையில் ஏறிக் கிடக்கிறது. இதில் 13 வயதுப் பிள்ளையின் கையில் எதற்கு அதை எடுத்துக் கொடுக்க வேண்டும்? பூப்பந்து இருக்கிறது, சிலம்பம் இருக்கிறது, செஸ் இருக்கிறது. உங்கள் அண்ணி வேண்டாம் என்றால் அது மாற்றவேண்டிய நோய் இல்லை. நல்ல புத்தி.

வக்கீல் குமாஸ்தா | சனி, காலை 8.02

பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் ரைஃபிளும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் யாரும் வீட்டில் வைத்திருக்க முடியாது. அந்த உரிமத்தை மாநிலப் போலீஸ் தலைவர் கொடுக்க வேண்டும். நிஜத் துப்பாக்கி போலத் தெரியும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றம். இணையத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கொள்ளை போன்ற குற்றம் செய்யும்போது ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மரண தண்டனை வரை போகலாம். 2023 வரை அது கட்டாயத் தண்டனையாக இருந்தது. இப்போது அதற்குப் பதிலாக 30 முதல் 40 வருடச் சிறையும் பிரம்படியும் கொடுக்க நீதிபதிக்கு இடம் இருக்கிறது.

செந்துல்வாசி சொல்வது கிளப்புக்குள் மேற்பார்வையில் சுடுவது. அந்தத் துப்பாக்கி வீட்டுக்கு வராது. அண்ணியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வந்துவிடுமோ என்பதுதான் பல தாய்மார்களின் கவலை.

தோட்டத்துப் பேரன் | சனி, காலை 10.44

டீச்சர் கேட்டது சரியான கேள்வி. நான் துப்பாக்கி பிடிக்காத வீட்டில் வளர்ந்தவன், இன்றைக்குச் சுடுகிறவனும்கூட. என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

1951இல் ஃப்ரேசர் மலைக்குப் போகும் பாதையில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் கர்னியையே கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அப்போது என் தாத்தா கோலகுபு பாரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். அவசரகாலம் 1948இலிருந்து 1960 வரை. லயத்தைச் சுற்றி முள்வேலி. காலையில் வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம் வெளியே போகக் கூடாது, காட்டுக்குள் இருக்கிற கெரில்லாக்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வேலிக்கு இந்தப் பக்கமும் துப்பாக்கி, அந்தப் பக்கமும் துப்பாக்கி, நடுவில் வாளியும் உளியும் வைத்துக்கொண்டு நம் ஆட்கள். தாத்தா சாகும்வரை சொன்னது ஒன்றுதான்: துப்பாக்கி வெச்சிருக்கிறவன் எவன் பக்கத்திலும் நிக்காதே.

அந்த வீட்டிலிருந்து வந்தவன் நான். தேசிய சேவை முகாமில்தான் முதன்முதலில் எம்16 பிடித்தேன். கை நடுங்கியது. திரும்பி வந்து வீட்டில் சொல்லவே இல்லை. பல வருடம் கழித்து ஏர் பிஸ்டல் பிடித்தபோதுதான் வேறொன்று புரிந்தது. எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி எப்போதும் அடுத்தவன் கையில் இருந்த பொருள். அதற்கு முன்னால் குனிந்து நிற்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அது ஒரு இரும்பு, அதற்கு விதி உண்டு, அந்த விதியை நானும் சொல்லலாம் என்று தெரிந்தபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. தாத்தா சொன்னதை நான் இன்றும் மதிக்கிறேன். என் வீட்டில் துப்பாக்கி கிடையாது, வாங்கவும் மாட்டேன்.

பத்துமீட்டர் | சனி, மதியம் 1.10

டீச்சர், உங்கள் மாணவனைப் பற்றிப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

யாரையும் மாற்றுவதற்காக அழைக்காதீர்கள் என்று நான் மேலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் தவறு. அண்ணி வந்து பார்த்துவிட்டு "என் பிள்ளைக்கு வேண்டாம்" என்றால் அந்த நாள் வீணாகிவிட்டது என்று நான் நினைக்கமாட்டேன். அவர் தெரிந்து முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

ஆனால் வீரம், சினிமா என்று நீங்கள் சொன்னதற்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். சுடுதளத்துக்குள் அந்த வீரத்துக்கு இடமே இல்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 60 குண்டுகள், 75 நிமிடம். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நடுப்புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர், பேனா முனை வைத்த மாதிரி. குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், அந்தப் புள்ளியைவிட ஒன்பது மடங்கு. கோபத்தோடு ஒருவன் வந்தால் முதல் ஐந்து குண்டிலேயே காகிதம் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, நெஞ்சுத் துடிப்பு அடங்குகிற இடைவெளியில் விசையைத் தொட வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இந்த விளையாட்டில் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்சு அப்படி ஒரு மாத்திரையில் மாட்டி, வெள்ளி, வெண்கலம் இரண்டையும் இழந்தார். நிதானத்தைத் திருட முயன்றதற்குத் தண்டனை. அப்படியொரு விளையாட்டு இது.

கும்பலில் போகிற பையனைச் சுடுதளம் திருத்தும் என்று நான் சொல்லமாட்டேன். அது பெரிய விஷயம். வீடு, பள்ளி, வேலை எல்லாம் சேர்ந்தது. ஆனால் எங்களிடம் வந்த பையன்கள் யாரும் இரண்டு மாதத்துக்கு அப்புறம் துப்பாக்கியைப் பற்றிச் சினிமா வசனம் பேசி நான் கேட்டதில்லை.

பாகான் டீச்சர் | சனி, மாலை 6.30

மாத்திரை விஷயம் எனக்குப் புதிது. என் அப்பா கை நடுக்கத்துக்குச் சாப்பிடுவது அந்த வகை மாத்திரைதான்.

நான் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் நீங்கள் பேசிய விதத்துக்கு நன்றி.

ரவாங் ராஜி | சனி, இரவு 8.15

டீச்சர், நான் ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டார். 2010 டில்லி காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியவர். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நானும் கர்ப்பம். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் அவ்வளவு அமைதியாக நிற்க முடிகிற இடம் கொலைக்களமாக இருக்க முடியாது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இப்போது என் மகளும் நானும் மாதம் ஒருமுறை போகிறோம்.

உங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இளவேனில் வாலறிவனைப் பற்றிச் சொல்லுங்கள். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர், இந்தியாவுக்காக டோக்கியோவிலும் பாரிஸிலும் ஏர் ரைஃபிள் சுட்டவர். அந்தப் பெயரை ஒலிம்பிக் பலகையில் பார்க்கும்போது எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

செந்துல்வாசி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.00

நேற்றுப் போய்விட்டு வந்தோம். எல்லாரும் எவ்வளவு யோசித்து எழுதினீர்கள், அதற்காகவாவது முழுசாகச் சொல்ல வேண்டும்.

கிளப்பில் முன்கூட்டியே கேட்டு, மதியம் மூன்று மணிக்கு ஆள் குறைந்த நேரமாகப் பிடித்தேன். மாமாக் கடையில் பத்துமீட்டர் சொன்னபடி எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா சொன்ன சட்டத்தையும் சொன்னேன். அண்ணி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "வீட்டுக்கு வராதுல்ல?" என்று இரண்டு முறை கேட்டார். வாசலில் ஐசி (அடையாள அட்டை) காட்டிப் பெயர் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே முதல் இருபது நிமிடம் பின்சுவர் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண் சுட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு "பட்"டுக்கும் அண்ணியின் தோள் குலுங்கியது. பத்தாவது பதினைந்தாவதில் அது நின்றது. அப்புறம் பயிற்சியாளர் வந்து, "நீங்கள் ஒரு முறை நிறுத்து என்று சொல்லுங்கள்" என்றார். முதல் முறை குரலே வரவில்லை. இரண்டாம் முறை அண்ணி கத்தினார். உண்மையாகவே கத்தினார். நான்கு பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். அந்தப் பெண் திரும்பி அண்ணியைப் பார்த்துச் சிரித்தது.

அண்ணி அழுதார். ஒரு ஐந்து நிமிடம். வெளியே போகலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

அப்புறம் அவரே எழுந்து போய் ஸ்டாண்டில் தாங்கி வைத்திருந்த ரைஃபிளைத் தொட்டார். ஐந்து குண்டு சுட்டார். நான்கு கருப்பு வட்டத்துக்கு வெளியே, ஒன்று ஆறாம் வளையத்தில். ஐந்தாவது முடிந்ததும், "போதும்" என்று வைத்துவிட்டார். கை கழுவினோம். காரில் வரும்போது என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கப்பா கடையில அந்த ஆளு கூரையைச் சுட்டான்ல, அவன் கை நடுங்கிச்சுடா. இவ்வளவு நாளா எனக்கு அது ஞாபகமே இல்ல. இன்னைக்குத்தான் வந்துச்சு."

வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகனைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. துப்பாக்கி தனக்குப் பிடிக்காது என்பதில் அவர் மாறவும் இல்லை. அண்ணனிடம் இரவு அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

பாகான் டீச்சர் | ஞாயிறு, மதியம் 12.20

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அண்ணியிடம் ஒரு டீச்சர் கேட்டதாகச் சொல்லுங்கள், அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினாரா என்று.

செந்துல்வாசி | ஞாயிறு, இரவு 9.05

கேட்டேன் டீச்சர். தூங்கினாராம். பதிலுக்கு உங்கள் மாணவனின் பெயரைக் கேட்டார், விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்வதற்கு. தனிமடலில் அனுப்புங்கள்.

பத்துமீட்டர், உங்களிடம் ஒரு கேள்வி. அண்ணி வலது கைக்காரர், ஆனால் இடது கண்ணால் பார்க்கத் தலையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டே இருந்தார். அதனால்தான் குண்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் போயின என்று நினைக்கிறேன். என்ன செய்வது?

பத்துமீட்டர் | ஞாயிறு, இரவு 9.48

அவருக்கு இடது கண் ஓங்கிய கண்ணாக, அதாவது குறிபார்க்கும்போது மூளை முதலில் நம்பும் கண்ணாக, இருக்கலாம். இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் மறைகிறதோ அதுதான் ஓங்கிய கண். இடது என்றால் இரண்டு வழி. இடது தோளில் வைத்துப் பழகலாம், புதியவர்களுக்கு அதுவே சுலபம். இல்லையென்றால் இடது கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு அட்டை. 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருந்தால் போட்டியிலும் அனுமதி உண்டு. கண்ணை இறுக்கி மூடச் சொல்லாதீர்கள், கழுத்து வலிக்கும். கிளப்பில் இடதுகை ரைஃபிள் ஒன்றுதான் இருக்கும், வருவதற்கு முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.